எழுதாத இரண்டு பெயர்கள்

அக்கா,

இன்று மத்தியானம் பழைய விசைப்பலகை ஒன்றைக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். நாலு முடி, ஒரு ஊக்கு, ரப்பர்த் தூள், அப்புறம் சர்க்கரை பூத்து உலர்ந்துபோன ஒரு சாதிக்காய்ச் சீவல் மேசையில் விழுந்தன. எடுத்து மோந்து பார்த்தேன். இன்னும் காரமாகத்தான் மணக்கிறது. பாலிக் புலாவ் பஸ் வந்து நிற்கிற இடத்தில் ஒரு சீன அம்மாவிடம் நீங்கள் வாங்கி வருகிற அதே சரக்கு. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துத் தின்னாதீர்கள், எறும்பு வரும் என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். எறும்புகூட இதைக் கண்டுபிடிக்கவில்லை.

சூலியா தெருவில் பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் தட்டச்சுப் பள்ளி அப்படியேதான் இருக்கிறது. கணினிகளைத்தான் மாற்றுகிறோம். இரண்டாயிரம் பிறந்ததும் பழைய கணினிகளுக்கு வருஷம் தெரியாமல் எல்லாம் நின்றுவிடுமாம். முதலாளி எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து ஐந்தையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். போகிற பொருளையும் துடைத்து அனுப்புவது என் கிறுக்கு, உங்களுக்குத் தெரியும். ஜன்னலோரத்து ஐந்தாவது மேசையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். தொலைபேசிக் கம்பி வருகிற ஒரே மேசை அது, உங்கள் மேசை.

இந்த மடலில் உங்கள் பெயரை எழுத மாட்டேன். அந்த மேசையில் உட்கார்ந்து நீங்கள் வைத்துக்கொண்ட இன்னொரு பெயரையும் எழுத மாட்டேன். இரண்டும் ஒரே தாளில் வரக் கூடாது என்று நீங்கள் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் ஒரு தடவை சேர்த்து வைத்தேன். அது என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் எனக்குத் தீராது.

தொண்ணூறுகளின் நடுவில் உங்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரங்களை எடுத்துவிட்டுக் கணினி வைத்தார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கிளார்க்கம்மா, முப்பத்தொன்பது வயதில், உங்களைவிட மூன்று வயது சின்னவளான என்னிடம் படிக்க வந்தீர்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, வகுப்புப் பிள்ளைகளும் போன பிறகு, இரண்டு மணிக்கு வருவீர்கள். ஒரு சனிக்கிழமை வேடிக்கை காட்டுகிற மாதிரி ஒரு மின்னஞ்சல் குழுவைத் திறந்து காட்டினேன். வெளிநாட்டில் ஒரு தமிழ் டாக்டர் தொடங்கியது. மனநோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் உலகம் முழுக்க இருந்து ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொள்வார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் அசையவில்லை. சாதிக்காய்ப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் வந்து உட்கார்ந்ததும் கேட்டீர்கள்.

“பிலோ, எனக்கும் அதுல எழுதணும். ஆனா என் பேர்ல இல்ல. வேற பேர் ஒண்ணு போட்டுக் கொடு.”

“ஏன்க்கா? உங்களுக்கு என்னா எழுத இருக்கு?”

அப்போதுதான் சொன்னீர்கள். பத்தொன்பது வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. பேராக்கில் இருக்கிற அந்த மனநோய் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் இருந்தீர்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் ஊருக்கெல்லாம் வேறு கதை சொன்னார்கள். மூத்த பெண் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று. திரும்பி வந்த உங்களை உட்கார வைத்து அம்மா அந்த வீட்டைச் சொல்லிக் கொடுத்தார், யாராவது கேட்டால் சொல்வதற்கு. கிணறு எந்தப் பக்கம், வேலி எப்படி, சித்தியின் மாமியாருக்குக் காது கேட்குமா கேட்காதா என்பது வரைக்கும்.

“நான் யாழ்ப்பாணத்துல கால வச்சதே இல்லலா. ஆனா அந்த வீட்டுக் கிணத்தடியில எத்தனை வாழைன்னு கேளு, சொல்றேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்போது ஏழு வயதாக இருந்த உங்கள் தங்கையிடமும் அதையேதான் சொன்னார்களாம். அவள் வளர்ந்து பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் அந்தக் கதையை யாரும் திருத்தவில்லை. இருபது வருஷமாக நீங்கள் விழுங்கிய மாத்திரை அலுவலகத்துக்கும் தங்கைக்கும் இரத்த அழுத்த மாத்திரை. கலியாணம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ஊருக்கு உங்கள் திமிர்.

குழுவில் எழுத ஒரு பெயரும் தனிக் கணக்கும் போட்டுக் கொடுத்தேன். அதன் கடவுச்சொல் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்தப் பெயரை நீங்கள் ‘அவ’ என்றுதான் சொல்வீர்கள். அவள் பினாங்குக்காரி என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அவளுக்கு நீங்கள் போட்ட சட்டங்களைப் பார்த்து நான் கேலி செய்வேன். அவள் ‘லா’ போட மாட்டாள். பசார் என்று எழுதாமல் சந்தை என்று எழுதுவாள். மழை பெய்தால் மழை என்று எழுத மாட்டாள், தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் வாயே திறக்க மாட்டாள். அவளுக்குத் தங்கை கிடையாது, ஒரு அண்ணன் இருக்கிறான். உங்களுக்குக் கத்தரிக்காய் உயிர், அவளுக்கு ஆகாது. மேசையில் உட்கார்ந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரத்தில் வைப்பீர்கள்.

“அது எதுக்குக்கா?”

“அவ ஆபீஸ் போறவ இல்லலா. அவளுக்கு எதுக்குக் கடிகாரம்.”

என்ன கூத்து இது என்று அப்போது நினைத்தேன். நான் என் சொந்தப் பெயரிலேயே அந்தக் குழுவில் இருந்தேன், பள்ளியின் பெயரையும் கீழே போட்டு. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்ற மிதப்பு. இவ்வளவு பயம் தேவையா என்று நான் கேட்டபோது நீங்கள் கோபப்படவில்லை. “வீட்டுல ஒரு பொண்ணு கட்டிக் கொடுக்க இருக்கு, பிலோ. எங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க மூணு தலைமுறைக்கு விசாரிப்பாங்க. என்னாலே அவ கலியாணம் நின்னு போகக் கூடாது” என்றீர்கள்.

ஆனால் அவள் எழுதினாள், அக்கா. நீங்கள் வாய் திறந்து யாரிடமும் சொல்லாத அத்தனையையும் அவள் எழுதினாள். குரல்களைப் பற்றி, ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றி, உடம்பு பெருத்துப்போவதைப் பற்றி. நார்வேயிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தாள். பதினைந்து வயது மகள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்பிவிடுகிறாள், என்ன செய்வது என்று. அதற்கு அவள் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். “மாத்திரை போடுகிற நாளில் நான் மந்தமானவள். போடாத நாளில் நான் யாரென்றே எனக்குத் தெரியாது. மந்தமாக இருப்பதே மேல், தங்கச்சி.” இரண்டு வாரம் கழித்துத் தாயிடமிருந்து பதில் வந்தது. மகள் கேட்டாளாம், “அந்த அக்கா இன்னும் போடுறாவோ? அப்ப நானும் போடுறன்” என்று. அன்றைக்கு நீங்கள் படி இறங்கிப் போகும்போது கடிகாரத்தை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனீர்கள்.

தங்கைக்கு மெல்பர்னில் மாப்பிள்ளை அமைந்து பேசி முடித்த மறு மாதம் உங்கள் அம்மா இறந்துபோனார். உங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்தேன், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு சனிக்கிழமை நீங்கள் பள்ளிக்கு வரவில்லை. குழுவில் எல்லோரும் அவளைத் தேடினார்கள். மறுபடியும் உடம்புக்கு வந்துவிட்டதோ, தெரிந்தவர்கள் சொல்லுங்களேன் என்று நார்வேக்காரத் தாய் கெஞ்சியிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாவு வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் இல்லாமல் போவதைவிட எங்கள் பக்கத்தில் கேவலம் கிடையாது. பத்து வருஷம் பேசாதவன்கூட சாவுக்கு வந்து வாசலில் நிற்பான். இத்தனை பேர் உங்கள்மேல் உயிரை வைத்திருக்கிறார்கள், தாய் செத்தது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று நினைத்தேன்.

பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை எடுத்து வைத்து அப்படியே அடித்தேன். பிறந்த ஊர் இன்னது, வாழ்ந்தது பினாங்கு, காலஞ்சென்ற ரயில்வே தலைமை எழுத்தரின் மனைவி, இன்னாரின் தாயார். உங்கள் வீட்டார் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மேலே, “நம் குழுவில் எல்லோருக்கும் ஆறுதல் சொல்பவரின் தாயார் மறைந்துவிட்டார், அவருக்கு நாம் ஆறுதல் சொல்வோம்” என்று அவள் பெயரைப் போட்டு எழுதினேன். கீழே என் பெயர்.

நாலாவது நாள் டொரொன்டோவிலிருந்து ஒருவர் எழுதினார். கெட்டவர் இல்லை, உருகித்தான் எழுதினார். அந்த அம்மா தனக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா முறை, அவருக்கு இரண்டே பெண்கள், சின்னவளுக்கு மெல்பர்னில் நிச்சயமாகியிருக்கிறது, அப்படியானால் நமக்கு ஆறுதல் சொல்லும் அக்கா மூத்தவரா, இத்தனை கஷ்டம் பட்டாரா, எங்களுக்குத் தெரியவே தெரியாதே என்று. இருபது நாட்டில் இருக்கிறவர்கள் படித்தார்கள். அதில் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஒருவனும் இருந்தான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி வந்த அன்று சாயங்காலமே மாடியேறி வந்தீர்கள். நான் நீட்டிய அச்சுத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தீர்கள். திட்டுவீர்கள், அறைவீர்கள் என்று காத்திருந்தேன்.

“பேரை எடுத்துட்டேன்கா,” என்றேன்.

“எங்க ஆளுங்களுக்குப் பேர் எதுக்குலா? ஊரும் ரயில்வேயும் போதும்,” என்றீர்கள். அப்புறம், “ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு ஆக்கணும், பிலோ. நீ குழப்பிட்டேன்னு சொல்லு. நானும் எழுதறேன்” என்றீர்கள்.

நான் குழுவுக்கு மன்னிப்புக் கடிதம் அடித்தேன். இறந்தது எனக்குத் தெரிந்த வேறொருவரின் தாயார், இருவரையும் குழப்பிக்கொண்டேன், குழுவில் எழுதுபவரை எனக்கு நேரில் தெரியாது என்று. பிறகு நீங்கள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். அவள் பெயரில் ஒரே ஒரு கடிதம். “என் அம்மா நலமாக இருக்கிறார். நேற்றுகூடப் பேசினேன்.” அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம்கூட முடியவில்லை, அக்கா. எழுதி அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படி இறங்கிப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்த மேசைக்கு நீங்கள் வரவேயில்லை.

அது போதவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நிமிர்ந்த முதுகு. பள்ளியின் பெயரைத்தான் நானே எழுதி வைத்திருந்தேனே.

“நீங்கதான் எழுதினதா, டீச்சர்?”

“ஆமாம்மா. குழப்பிட்டேன். அது வேற பொண்ணு, இவங்க வேற.”

“இவளுக்கு அந்த மாதிரி வியாதி ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா.”

அவர் என் கழுத்தையே பார்த்தார். “சிலுவை போட்டிருக்கீங்க. அதைத் தொட்டுச் சொல்லுங்க.”

தொட்டேன். சொன்னேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

சத்தியம் செய்து கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. உங்களுக்குத்தான் அன்றிலிருந்து வேலை தொடங்கியது. வியாதியே இல்லாதவளாக வாழ வேண்டிய வேலை. ஆண்டுத் திவசம் முடிந்து கலியாணம் என்று முடிவானது. அந்தப் பெரியம்மா மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் ஏற்பாடுகளைக் கவனிக்க நாலு மாதம் முன்னாலேயே வந்து உங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். சமையல்கட்டு அலமாரியைத் திறப்பார், உங்கள் கைப்பையை நகர்த்தி வைப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய பழைய மாணவி நர்ஸாக இருப்பதாக ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சும்மா சொன்னாராம். நீங்கள் மாத்திரை வாங்க அங்கே கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினீர்கள். வீட்டில் இருந்த மாத்திரைகளை அலுவலகக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினீர்கள்.

இதை என்னிடம் நீங்கள் சொன்னது ஜெலுத்தோங் பசாரில், மீன்காரர் மேசைக்கு முன்னால்.

“பைத்தியமாக்கா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டேன். அந்தச் சொல்லை உங்களிடம்.

நீங்கள் கெளுத்தி மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். “நாலு மாசம்தான்லா. அவ பிளேன் ஏறிட்டா திரும்பப் போட ஆரம்பிச்சிருவேன்.”

என்னிடம் கொடுத்து வைத்திருக்கலாமே. தினம் மாடியேறி வந்து ஒன்று விழுங்கிவிட்டுப் போயிருக்கலாமே. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. செய்த தப்பில் நான் அவ்வளவு மிரண்டு போயிருந்தேன், உங்களோடு சேர்ந்து நிற்பதே உங்களுக்கு ஆபத்து என்று விலகி விலகிப் போனேன். இப்போது தோன்றி என்ன பிரயோசனம்.

கலியாணம் நன்றாகத்தான் நடந்தது. நீங்கள் மயில் கழுத்து நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு எல்லோரையும் வரவேற்றீர்கள். பெரியம்மா உங்களைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். தங்கை விமானம் ஏறினாள். நீங்கள் மாத்திரையைத் திரும்பப் போட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் குரல்கள் வந்துவிட்டன, மாத்திரை வேண்டாம் என்று அவைதான் சொல்லியிருக்கும். அலுவலகத்துக்கு நீங்கள் பதினோரு நாள் வரவில்லை என்று கூட வேலை பார்க்கிறவர் எனக்குச் சொன்னார். ஓடி வந்து பார்த்தால் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. குளியலறையில் ஈரத்துணியோடு, எலும்பும் தோலுமாக, காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தீர்கள். நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் வரை போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் தெளிவாக இருந்தீர்கள். என்னை அடையாளம் தெரிந்தது.

“அவ எப்படி இருக்கா?” என்று கேட்டீர்கள்.

தங்கையைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து, நாளைக்கு விமானம் ஏறுகிறாள் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். விரலால் போர்வையில் தட்டச்சு அடிக்கிற மாதிரி தட்டிக் காட்டினீர்கள்.

“நல்லா இருக்காக்கா. லெட்டர் நெறைய வந்திருக்கு. எல்லாரும் கேக்கறாங்க.”

“சொல்லிடாத, பிலோ.”

“என்னா சொல்லக் கூடாது?”

“இப்படி ஆனத.”

அதற்கப்புறம் நீங்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை.

பத்திரிகையில் உங்கள் அறிவித்தலில், சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து காலமானார் என்று போட்டிருந்தார்கள். சாவு வீட்டில் தங்கை அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். “அக்காவுக்கு யாழ்ப்பாணம்னா அவ்வளவு பிடிக்கும். சின்ன வயசுல எட்டு மாசம் அங்க இருந்தாங்க. அந்தக் கிணத்தடி வாழையைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்க.” பெரியம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. உங்கள் பாடைக்குப் பக்கத்தில் நீங்கள் ஒரு நாளும் இல்லாத ஓர் ஊர் வந்து உட்கார்ந்திருந்தது, உங்களைப் பிழைக்க வைத்த அந்தப் பெயருக்கு அங்கே இடமில்லை. வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நவம்பரில் எங்கள் கோயிலில் இறந்த ஆன்மாக்களுக்காகப் பூசை வைப்போம். பெயரைக் கொடுத்தால் பீடத்தில் வாசிப்பார்கள். போன மாதமும் போனேன். “யாருக்குக்கா, பேர் சொல்லுங்க” என்று அலுவலகப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு சினேகிதி என்று போடு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போடத்தான் செய்தாள்.

குழுவில் நீங்கள் இறந்ததை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அவளை எனக்குத் தெரியாது என்று என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு சாவைச் சொல்லி உங்களைக் கெடுத்தேன், ஒரு சாவைச் சொல்லாமல் உங்கள் பேச்சைக் காப்பாற்றுகிறேன். உங்களுக்காக அழ வேண்டிய இத்தனை பேர், அவள் கடிதம் எழுத நேரமில்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு காரியம் செய்தேன், அக்கா. இதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் போன நாலாவது மாதம் அவள் கணக்கைத் திறந்தேன். நார்வேயிலிருந்து அந்தப் பெண்ணே எழுதியிருந்தாள், இப்போது பதினேழு வயது. “அக்கா, எனக்கு இப்ப நல்லா இருக்கு. இனி நிப்பாட்டலாம் எண்டு நினைக்கிறன். நீங்கள் இன்னும் போடுறீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ.” மூன்று நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். என்ன உண்மையைச் சொல்வது? போடாமல் விட்டு, குளியலறையில் கிடந்தார் என்றா?

சனிக்கிழமை இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். ‘லா’ போடவில்லை, மழை பெய்ததை எழுதவில்லை. “போடுகிறேன், தங்கச்சி. ஒரு நாளும் விட்டதில்லை. நீயும் விடாதே” என்று அவள் பெயரில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் கேட்கிறாள், நான் பதில் எழுதுகிறேன். இன்று காலையும் ஒன்று வந்திருக்கிறது. பரீட்சையில் தேறிவிட்டாளாம், வேறு ஊரில் தனியாகத் தங்கிப் படிக்கப் போகிறாளாம், தாய் பக்கத்தில் இல்லாமல் மாத்திரையை ஞாபகமாகப் போட வேண்டுமே என்று பயமாக இருக்கிறதாம். கடைசியில் வழக்கமான அதே கேள்வி.

விசைப்பலகையைத் துடைத்துத் திரும்பவும் பொருத்திவிட்டேன். முதலாளி நாளைக்குத்தான் ஆள் அனுப்புவார். இன்று சனிக்கிழமை, மணி இரண்டாகப் போகிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்திருக்கிறேன். போடுகிறேன் என்றுதான் எழுதப்போகிறேன், அக்கா.